செயலாளரை வெளியே எடுத்த தீர்மானம்

எங்கள் குறிஞ்சிமலர் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள், ஒரு லிஃப்ட், ஒரு பைலா. லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். பைலா ஒருநாளும் நின்றதில்லை. அதன் நாற்பத்தொரு விதிகளையும் உட்கார்ந்து எழுதியவர் சங்கச் செயலாளர் நம்பிராஜன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மனைவியையும் மகளையும் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, பட்டு வேட்டி சரசரக்க ஒன்பது மணிக்கு லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடியில் அது நின்றுவிட்டது. கதவு இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"லிஃப்ட் சாவி ஆபீஸ் அலமாரியில இருக்கு வே! எடுத்துட்டு வாரும்!" என்று கத்தினார்.

தலைவர் பொன்னுலிங்கம் சாவி எடுக்க ஓடினார் என்று நினைத்தால் உங்களுக்கு எங்களைத் தெரியாது. அவர் ஓடிப்போய் பைலாவை எடுத்து வந்தார்.

"விதி பதினொண்ணு. செயலாளர், தலைவர் முன்னால கையெழுத்துப் போட்டாத்தான் சாவி வெளிய வரணும்."

"நான் எழுதின விதி எனக்கு மறக்குமா? சாவி நோட்டை உள்ள தள்ளும்."

தள்ளினோம். கையெழுத்தோடு திரும்பி வந்தது. பொன்னுலிங்கம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது என் முன்னால போட்டதா? எனக்கு ரெண்டு விரல்தானே தெரிஞ்சுது."

"விரல்ல அவரு மோதிரம் கிடந்துச்சே" என்றார் மூன்றாம் மாடி தாவீது.

"மோதிரமா வே கையெழுத்துப் போடும்?"

"நியாயம்தான்" என்று உள்ளே இருந்து நம்பிராஜனே ஒத்துக்கொண்டார்.

முதல் மாடி செண்பகவல்லி அக்காதான் வழி கண்டுபிடித்தார். "விதி பதினேழு. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராதவருக்குப் பதவி போயிரும். மூணு கூட்டம் போடுவோம். புதுச் செயலாளர் கையெழுத்துப் போடட்டும்."

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. இந்த மூளை சட்டம் படிக்காமல் போனதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கூட்டம் கீழே ஆபீஸில்தான் நடக்க வேண்டும். இறங்கினோம். 'லிஃப்டில் இருக்கும் செயலாளரை வெளியே எடுப்பது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். டீ குடித்தோம், விதி அப்படி. மேலே ஏறி, அடுத்த கூட்டத்துக்கு அழைப்பை இடுக்கு வழியாகக் கொடுத்தோம். நம்பிராஜன் மரியாதை தெரிந்தவர். வர முடியாததற்கு வருந்தி ஒரு கடிதம் எழுதி நீட்டினார்.

"கெடுத்தீரே!" என்று பதறினார் பொன்னுலிங்கம். "லெட்டர் குடுத்தா வராத கணக்குல சேராதுல்லா?"

நம்பிராஜன் நாக்கைக் கடித்துக்கொண்டு கடிதத்தை உள்ளே இழுத்துக் கிழித்துப் போட்டார். இன்னும் இரண்டு தடவை இறங்கினோம், இரண்டு தடவை டீ குடித்தோம். மூன்றாவது கூட்டத்தில் அவர் பதவி போனது. தாவீது செயலாளர் ஆனார். தலைவரின் மூக்குக்கு நேரே நோட்டைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சாவி வந்தது, கதவு திறந்தது. நம்பிராஜன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தார்.

"நில்லும்" என்றார் பொன்னுலிங்கம். "தீர்மானம் யாரை வெளிய எடுக்கச் சொல்லுது?"

"செயலாளரை."

"நீரு யாரு?"

நம்பிராஜன் யோசித்தார். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டார். "சரியான பாயிண்ட். தாவீது, நீரு உள்ள வாரும்."

தாவீது உள்ளே போனார். நாங்கள் நாலு பேர் கையைப் பிடித்து அவரைப் பத்திரமாக வெளியே எடுத்தோம். தீர்மானம் நிறைவேறியது. வேலை முடிந்ததும் கதவைச் சாத்திச் சாவியை அலமாரியில் வைக்க வேண்டும் என்பதால் அதையும் செய்துவிட்டு, எல்லோரும் கைதட்டினோம். லிஃப்டுக்குள் இருந்தும் கைதட்டல் கேட்டது.

பத்து இருபதுக்கு லிஃப்டுக்குள் போன் அடித்தது. நம்பிராஜன் மனைவியின் குரல் எங்களுக்கே கேட்டது.

"எங்க இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்காவ!"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. லிஃப்டுல இருந்த செயலாளரை வெளிய எடுத்தாச்சு. ஒரு ஓட்டு எதிர்ப்பு இல்ல."

"அப்போ கிளம்பிட்டீங்களா?"

"நானா?" என்றார் நம்பிராஜன். "என்னைப் பத்தி யாரும் ஒரு தீர்மானமும் கொண்டுவரலையே!"