உப்புப் படியில் லாபம்

கருமலைக்கோட்டையில் எல்லாம் விளையும், உப்பு மட்டும் விளையாது. மலைநாட்டில் கடலுக்கு எங்கே போக? வணிகர் கூட்டம் ஒன்று மாடுகளில் பொதி ஏற்றிக் கொண்டுவந்தால்தான் ஊரார் நாக்கில் உப்பு படும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாசிலாமணி. பேரில்தான் மாசு இல்லை. மற்றதை நான் சொல்வானேன், கதையே சொல்லும்.

அந்த வருஷம் பேய்மழை. மலைப்பாதை சரிந்தது, கிணறெல்லாம் சேறானது. அந்தத் தண்ணீரைக் குடித்து ஊரெங்கும் பேதி. "கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுங்கள், உயிர் நிற்கும்" என்றார் வைத்தியர். உப்பு எங்கே இருக்கிறது? மாசிலாமணியின் கிடங்கில், கூரை முட்ட இருக்கிறது. நாலு காசுக்கு வாங்கிய உப்பு, மழைக்கு முன் படி ஐந்து காசு. இப்போது ஐம்பது! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்?

பாய் முடைகிற பூவாயி அரண்மனைக்கே வந்துவிட்டாள்.

"மகாராசா, என் மக ரெண்டு நாளா கண்ணு தொறக்கல. உப்புக் கஞ்சி குடுன்னு வைத்தியர் சொல்றாரு. அம்பது காசுக்கு நான் எங்க சாமி போவேன்?"

ராஜா வேலுத்திருமேனி சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். அரண்மனை உப்பெல்லாம் நேற்றே ஊருக்குக் கொடுத்துத் தீர்ந்திருந்தது. ஊர் முழுவதற்கும் அந்த விலையில் வாங்கிக் கொடுக்கக் கஜானா தாங்காது. மாசிலாமணியை உடனே வரவழைத்தார்.

அவர் சும்மா வரவில்லை. கையில் ஒரு செப்புப் பட்டயத்தோடு வந்தார். ராஜாவின் தாத்தா எழுதிக் கொடுத்தது. "உப்புக் கொண்டுவரும் வணிகர், வாங்கிய விலைக்கு மேல் படிக்கு லாபக் காசு எடுத்துக்கொள்ளலாம். என் வம்சத்து அரசர் எவரும் தடுக்கக் கூடாது."

"மகாராஜா, வியாபாரம் என்ன அன்னதானமா? புலிக்கும் திருடனுக்கும் தப்பி மாடு ஓட்டி வருகிறோம். லாபம் பார்ப்பது குற்றமா?"

ராஜா பட்டயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாத்தா கொடுத்த வாக்கு ஆயிற்றே! சபையில் இருந்த ஆவுடைநம்பிதான் எழுந்தார். நம்பி அந்த அரண்மனையின் ஆலோசகர். வாயைத் திறந்தால் வம்பு, ஆனால் நல்ல வம்பு.

"குற்றமே இல்லை, மாசிலாமணியாரே. உழைத்தவர் வயிறு நிறையத்தான் வேண்டும். அதற்காக ஊரார் வயிற்றெரிச்சலையுமா பொதி கட்டுவது?"

"பட்டயத்தில் லாபத்துக்கு அளவு சொல்லியிருக்கிறதா? காட்டும், இப்போதே விலையைக் குறைக்கிறேன்."

"அளவு தெரிய வேண்டுமென்றால் அளந்துதானே பார்க்க வேண்டும்?" என்ற நம்பி தன் காதிலிருந்த பொன் கடுக்கன்களைக் கழற்றி நீட்டினார். "பத்துப் படி உப்பு. இங்கேயே அளந்து கொடும்."

மாசிலாமணிக்கு வாயெல்லாம் பல். மூட்டை வந்தது. அளவுகாரர் சங்கிலி குந்தி உட்கார்ந்து, படியை நிரப்பித் தலை தட்டிக் கொட்டினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நம் ஊரில் எந்த அளவுகாரர் "ஒண்ணு" என்று தொடங்கியிருக்கிறார்? முதல் படி எப்போதும் லாபம்தான். மங்கலமாகத் தொடங்கினால் மங்கலமாக முடியுமாம். சங்கிலியும் அப்படியே எண்ணிப் பத்தில் நிறுத்தினார்.

"ஐயையோ, மோசம்!" என்று நம்பி தலையில் கை வைத்தார். "பத்துக்கு விலை கொடுத்தேன், ஒன்பதுதானே வந்திருக்கிறது!"

"என்ன உளறல்? பத்தும் இருக்கிறதே!"

"ரெண்டிலிருந்து பத்து வரை விரல் விட்டு எண்ணும். ஒன்பது. முதலில் விழுந்தது லாபம். லாபம்தான் பட்டயப்படி உமக்காயிற்றே! எனக்கு இன்னொரு படி போடச் சொல்லும்."

சபையில் களுக்கென்று சிரிப்பு. ஒரு படி என்றால் ஐம்பது காசு, மனுஷன் விடுவாரா? மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்பியாரே, உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அளக்கிறபோது லாபம் என்றால் ஒன்று! சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

"எனக்கு நம்பிக்கை வரவில்லையே. பத்தாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம்..."

"ஒன்றுதான் ஐயா, ஒன்றேதான்!"

"பிறகு பேச்சு மாறமாட்டீரே?"

மாசிலாமணி மூட்டைக்குள் கையை விட்டு உப்பை அள்ளினார். "இதோ, உப்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். உப்பு அளக்கிற இடத்தில் லாபம் என்றால் ஒன்று. ஒன்றுக்கு மேல் ஒரு குன்றிமணி கிடையாது!"

நம்பி ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மகாராஜா, அந்தப் பட்டயத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்."

அரண்மனை எழுத்தர் ஓலைநாயகம் வாசித்தார். "வாங்கிய விலைக்கு மேல் படிக்கு லாபக் காசு..." அவருக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அதாவது, படிக்கு ஒரு காசு!"

"வாங்கிய விலை நாலு. அதற்கு மேல் லாபம் ஒன்று. படி ஐந்து காசு," என்றார் நம்பி. "தாத்தா வாக்கும் பிழைத்தது, ஊரும் பிழைத்தது."

"மகாராஜா, அது வேற லாபம், இது வேற லாபம்!" என்று அலறினார் மாசிலாமணி.

"உப்பைத் தொட்டது நீர்தானே ஐயா? நானா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. நம்பியின் கடுக்கன்களைத் திருப்பித் தரச் சொன்னார். தன் காதிலிருந்த வைரக் கடுக்கன்களையும் கழற்றி அவருக்கே கொடுத்தார். அன்று மத்தியானமே கிடங்குக் கதவு திறந்தது. ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆள் பூவாயி. "சாமி, சீக்கிரம் போடுங்க, அடுப்புல கஞ்சி கொதிக்குது!" என்று முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

சங்கிலி படியைத் தூக்கினார். பழக்க தோஷம், "லா..." என்று வாயைத் திறந்தார்.

மாசிலாமணி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார்.

"அடேய், ஒண்ணுன்னு சொல்லித் தொலைடா!"