பன்னிரண்டு சன்னல், ஒரு ‘ம்’

தமிழ்ப் பேராசிரியர் மாசிலாமணி ஓய்வு பெற்ற மறுமாதமே பிலோமினா மேஸ்திரியிடம் சீடராகச் சேர்ந்தார். சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு முப்பத்தெட்டு. புதுச்சேரியின் பழைய வீடுகளில் மரச் சன்னல்களைப் பழுதுபார்ப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆளில்லை. சீடர் குருவை ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டார். குரு சீடரை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டார். இருவருக்கும் இதில் வருத்தமில்லை.

சீடரிடம் ஒரே குறை. அவருக்கு ‘ம்’ கொட்டத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஓர் அடிக்குறிப்பு இருக்கும். சன்னல் என்றால், அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், நம் சொல் காலதர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி என்று தொடங்குவார். மேஸ்திரி முழுவதும் கேட்டுவிட்டு, காற்று வருகிற வழியில் நிற்க வேண்டாம், தூசு கண்ணில் விழும் என்பார்.

அந்துவான் என்பவரின் வீட்டு வேலை வந்தது. நூற்று முப்பது வருட வீடு. பன்னிரண்டு சன்னல்கள், சன்னலுக்கு இரண்டாக இருபத்துநான்கு தேக்குக் கதவுகள். கழற்றும் பொறுப்பை மேஸ்திரி முதன்முறையாக மாசிலாமணியிடம் விட்டார்.

அவர் ஒவ்வொரு கதவின் முகத்திலும் எந்தச் சன்னலுக்கு உரியது என்று சாக்பீஸால் எண் எழுதினார். கழற்றி, வரிசையாக அடுக்கினார். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து பழைய பெயிண்டைச் சுரண்டினார். எண்களும் பெயிண்டின் மேல்தான் இருந்தன என்பது மூன்றாம் நாள் சாயங்காலம் உறைத்தது.

எந்தக் கதவும் எந்தச் சட்டத்திலும் உட்காரவில்லை. ஒன்று மேலே இடித்தது. ஒன்று கீழே பல்லை இளித்தது. சனிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம், வெள்ளிக்குள் சன்னல்கள் மூடாவிட்டால் அலுமினியம் போட்டுவிட்டுப் பழசை விறகுக்குத் தள்ளப்போவதாக அந்துவான் சொல்லிவிட்டுப் போனார். அலுமினியக்காரன் அளவெடுத்துக்கொண்டும் போய்விட்டான். அன்று புதன்.

மாசிலாமணி இழைப்புளியைக் கையில் எடுத்தார். இடிக்கிற இடத்தைச் சீவிவிடலாமா என்று கேட்டார்.

“சீவலாம். இன்னைக்கு மூடும்” என்றார் மேஸ்திரி. “தப்பான கதவா இருந்தா, சீவுனத எங்க போய் ஒட்டுவீங்க? ஓரமெல்லாம் சுரண்டாம விட்டு வச்சிருக்கீங்களே, அத முதல்ல முடிங்க.”

கதவுகளின் பக்கவாட்டு ஓரம், மூடினால் சட்டத்துக்குள் மறைந்துபோகிற இடம். மாசிலாமணி சுரண்டினார். பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய் வெள்ளை, வெள்ளைக்கும் அடியில் மரம். மரத்தில் உளி நுனியால் கீறிய ஓர் எழுத்து. உ.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் சுழி. யாரும் பார்க்காத இடத்தில் இதைப் பொறித்துவிட்டு வேலை தொடங்கிய அந்தத் தச்சரின் பக்தியைப் பற்றி மேஸ்திரிக்குக் கால்மணி நேரம் விளக்கினார். மாதா படத்தைக் கழுத்தில் போட்டிருந்த மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த கதவில் அ இருந்தது. மாசிலாமணி விரல்விட்டு எண்ணினார். அகரம், உகரம். இனி ஒரு ‘ம்’ கிடைத்துவிட்டால் ஓங்காரம். இந்த வீட்டுக்குச் சன்னல் செய்தவர் தச்சரில்லை, சித்தர்.

வியாழன் முழுவதும் ‘ம்’ தேடினார். இருபத்துநான்கு கதவின் ஓரமும் வெளுத்தது. மேஸ்திரி வந்து நின்றார்.

“கிடைச்சுதா?”

“இல்லை மேஸ்திரி. க இருக்கிறது, ச இருக்கிறது, எ இருக்கிறது. அதெல்லாம் இடைச்செருகல்.”

“உ எத்தனை?”

“இரண்டு கதவில்.”

“அ?”

“அதுவும் இரண்டு.”

“நீங்க சாக்பீஸால என்ன எழுதுனீங்க?”

“எண்.”

மேஸ்திரி உ பொறித்த கதவைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து இரண்டாவது சன்னலுக்குப் போனார். இன்னும் யாரும் தொடாத அந்தச் சட்டத்தின் உட்பக்கத்தைச் சுரண்டினார். அங்கேயும் ஓர் உ.

பழைய தமிழ் எண்ணில் உ என்றால் இரண்டு. அ என்றால் எட்டு. கலைந்துபோன ஓலைச்சுவடிகளை, ஏட்டின் ஓரத்தில் இருக்கும் இதே எண்களைப் பார்த்து முப்பத்துநான்கு வருடம் அடுக்கிக் கொடுத்தவர் மாசிலாமணி.

கதவைக் கீலில் மாட்டினார்கள். சுவர் காலப்போக்கில் சாய்ந்ததல்ல, கட்டும்போதே ஒரு விரல் சாய்வு. சட்டமும் அந்தச் சாய்வோடு நின்றது. கதவை அதே ஒரு விரல் சாய்த்துச் சீவியிருந்தார்கள். நேராக இருக்கும் எந்தக் கதவும் அங்கே மூடாது. மாசிலாமணி ஒற்றை விரலால் தள்ளினார். கதவு போய் உட்கார்ந்தது. தெருவின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இடுக்கில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தார். போகவில்லை. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளி மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் மூடின. அந்துவான் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். பிறகு வெளியே போய், அலுமினியக்காரனை வரவேண்டாம் என்று போனில் சொல்வது கேட்டது.

மாசிலாமணி எட்டாவது சன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

“இவ்வளவு செய்தவர் தன் பெயரை ஓரிடத்திலும் போடவில்லை மேஸ்திரி. மூடினால் மறைந்துபோகிற இடத்தில் வெறும் எண்ணைப் போட்டிருக்கிறார். யார் பார்ப்பார்கள் என்று எழுதினார்?”

மேஸ்திரி கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைக்காவது நீங்க கழட்டுவீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் பெயிண்ட் மேல எழுதல.”

மாசிலாமணி வாயைத் திறந்தார். அடிக்குறிப்பு ஒன்று தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது.

“ம்” என்றார்.

மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை.

“கிடைச்சிருச்சா வாத்தியாரே?”