ஹீட்டர் போட்ட கார்

கோயம்புத்தூருக்கு வெளியே பழைய கார்களுக்கென்று ஒரு பந்தயம் நடக்கும். காலையில் கொடி அசைத்தால் பொழுது சாயும்வரை ஓட்ட வேண்டும். யார் முந்தினார் என்று அங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. யாருடைய கார் கடைசிவரை ஓடியது என்றுதான் கேட்பார்கள்.

கிரைண்டர் கடை மகுடபதி கலந்துகொண்ட ஒவ்வொரு வருடமும் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பியவர். இந்த முறை ரெஜினாவைக் குருவாகப் பிடித்திருந்தார். ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர். மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். இன்னும் கொஞ்சம் பேசினால் என்ன என்று சீடருக்கு அடிக்கடி தோன்றும்.

டீமில் இரண்டே பேர். மகுடபதியும், அவர் மனைவியின் தம்பி துரைவேலுவும். மாறி மாறித்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. ஒருவர் விலகினால் கார் நின்றுவிடும்.

மத்தியானத்துக்குள் கார் திரும்பத் திரும்பக் கொதித்து, பாதையை விட்டு டீம்கள் நிற்கும் இடத்துக்கு உள்ளே வந்தது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது. மாற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை.

பக்கத்து டீம்களெல்லாம் பார்க்க மகுடபதி மச்சினனைக் காய்ச்சி எடுத்தார்.

"ஒரு ரேடியேட்டரப் பாக்கத் தெரியாதா மாப்ள உனக்கு? உன்னைய நம்பி வந்தேன் பாரு."

துரைவேலு கையுறையைக் கழற்றி டூல் பெட்டிமேல் வைத்துவிட்டு வேலி ஓரம் போய் நின்றுகொண்டான்.

மகுடபதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. காரும் இல்லாமல், மச்சினனும் இல்லாமல் வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ரெஜினாவிடம் போனார்.

"டீச்சர், வண்டியும் கொதிக்குது, அவனும் கோவிச்சுக்கிட்டான். எதை மொதல்ல பாக்கறதுங்க?"

"ஹீட்டரைப் போடுங்க."

"என்னங்க?"

"கார்ல ஹீட்டர் இருக்குமில்ல? முழுசாத் திருப்பி வைங்க."

"இந்த வெயில்லயா? நம்மூர்ல எவனுங்க ஹீட்டர் போடறான்? தண்டமா எதுக்குன்னு எஞ்சின்லருந்து அதுக்குச் சுடுதண்ணி போற குழாயையே அடைக்கச் சொல்லிட்டனே."

"திறக்கச் சொல்லுங்க."

வேலி ஓரத்தில் நின்ற முதுகைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. துரைவேலு எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, முகம் பாராமல் வந்து, அடைப்பைப் பிடுங்கிக் குழாயைச் சேர்த்துக் கிளிப்பை முறுக்கினான். மறுபடி வேலிக்கே போனான்.

"இப்ப எஞ்சின் சூடு எங்க போகுமுங்க?" என்று கேட்டார் மகுடபதி.

"உங்க மேல" என்றார் ரெஜினா.

மகுடபதி ஓட்டினார். ஜன்னலைத் திறந்தால் காற்றுப் பிடித்து வேகம் குறையும் என்று யாரோ சொன்னது அவருக்கு வேதவாக்கு. கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தார். காலில் அனல் அடித்தது. ஷூவுக்குள் பாதம் வெந்தது. ஆனால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இறங்கியது. அவர் நம்பவில்லை. அடுத்த சுற்றிலும் இறங்கியே இருந்தது. அந்த வேக்காட்டிலும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உள்ளே வந்து இறங்கியபோது குளித்துவிட்டுத் துவட்டாதவர்போல் இருந்தார். அடுத்தது துரைவேலுவின் முறை.

"ஏறு மாப்ள."

"நான் ஏறலீங்க மாமா." துரைவேலு வேலியை விட்டு வந்தான். "ரேடியேட்டர மாத்தோணும்னு போன மாசமே சொன்னனா இல்லீங்களா? நீங்கதான் மொதல்ல பெயிண்ட் அடிக்கலாம்னீங்க. புலிக்கோடு வேணும்னீங்க. இப்ப ஊரு முன்னாடி என்னையப் பேசறீங்க. கடையிலயும் இப்படித்தான். அக்கா முன்னாடியும் இப்படித்தான்."

பேச்சு அதோடு நிற்கவில்லை. பக்கத்து டீம்காரர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மகுடபதிக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா காருக்குள் குனிந்து, ஹீட்டர் போட்டபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடபதி வாயை மூடிக்கொண்டார். அது ஒன்றும் சுலபமாக இல்லை. மச்சினன் சொன்னதெல்லாம் உண்மையாக வேறு இருந்தது.

சொல்லச் சொல்லத் துரைவேலுவின் குரல் இறங்கியது. கடைசியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றான்.

"புலிக்கோடு என் தப்புதான் மாப்ள" என்றார் மகுடபதி.

பக்கத்து டீமில் யாரோ சிரித்தார்கள். துரைவேலுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து கையுறையை எடுத்தான். கார் கிளம்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் மகுடபதி எட்டி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் அது வந்தது.

பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மகுடபதி பாதத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ரெஜினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் எரிந்தது. பாதம் மட்டும் இல்லை.

"வண்டி பொழச்சுக்கிச்சுங்க. அவனும் வந்துட்டான். ஆனா டீச்சர், எல்லாச் சூட்டையும் நானே வாங்கிக்கிட்டா நான் என்னங்க ஆவறது?"

கார் எதிரே கடந்து போனது. துரைவேலு இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான். அவன் சட்டைக் கை காற்றில் படபடத்தது.

"கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்கண்ணா" என்றார் ரெஜினா.