ஆறு விதை கேட்ட முயல்

அல்லிக்குளத்தின் கரையில் செவ்வந்தி என்ற முயல் நான்கு பாத்தி போட்டுக் காய்கறி வளர்த்து வந்தது. இரண்டு வருடமாக அதன் கத்தரியில் புழு. கோடையில் குட்டிகள் மூன்றும் பசியோடு படுத்தன. "இந்த ஆடியில் வேறு ரகம் போட்டே ஆகவேண்டும்" என்று செவ்வந்தி முடிவு செய்தது.

அந்தச் சமயம் பார்த்து வந்து இறங்கியது ஒரு மயில். கழுத்தில் விதைப்பை.

"புது விதை! யானைத்தலைக் கத்தரி! முழ நீள வெண்டை! எல்லாம் இலவசம்!" என்று தோகை விரித்து ஆடியது. காடே கூடிவிட்டது.

"ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் பழைய விதையை எல்லாம் என்னிடம் கொட்டிவிட வேண்டும். அது வீட்டில் இருந்தால் புதியதற்கு நோய் தொற்றும்!"

இலவசம் என்று வருகிறவன் முதலில் எதைக் கேட்கிறான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கை தட்டுவதில் மட்டும் அந்தக் காட்டில் ஒற்றுமைக்குக் குறைவே கிடையாது. அணில், உடும்பு, பெருச்சாளி எல்லாம் விதைக் குடுக்கையோடு ஓடிவந்தன. மயில் அந்த விதைகளை அங்கேயே கொத்தித் தின்றது. "அழிக்கிறேன், அழிக்கிறேன்!" என்றது, வாய் நிறைய.

முள்ளம்பன்றி மட்டும் முள்ளைச் சிலிர்த்தது. "புதுசு என்றாலே மோசடி! நான் எதையும் நட மாட்டேன்!"

"உன் கத்தரியிலும் புழுதானே, அண்ணே?" என்றது செவ்வந்தி.

"புழுவானாலும் என் புழு!"

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே குட்டிகளின் ஒட்டிய வயிறு நினைவுக்கு வந்தது. நேரே மயிலிடம் போனது.

"ஐயா, யானைத்தலையில் விதை பிடிக்குமா?"

"உனக்கு எதற்கு விதை? வருடா வருடம் நான் வருவேனே!"

"புழுவைத் தாங்குமா?"

"காயின் அளவைப் பாரம்மா, அளவை!"

"பையில் வேறு ரகம் உண்டா?"

"அடியில் ஒரு சுண்டைக்காய்ப் பயல் கிடக்கிறான். பச்சை வரிக் கத்தரி. செடியெல்லாம் முள். எவனும் சீண்டமாட்டான்."

"அதில் மூன்று, யானைத்தலையில் மூன்று கொடுங்கள். ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன். யானைத்தலை தேறினால் என் குடுக்கை உங்களுக்கு. அதுவரை என் விதை என்னிடமே இருக்கட்டும்."

"ஆறு விதைக்கு இவ்வளவு வாயா!" கூட்டம் பார்க்கிறதே என்று மயில் ஆறு விதையை வீசியெறிந்தது.

"ஆறு விதை அக்கா! தோட்டம் பெரிசோ?" என்று அணில் கேலி செய்தது.

ஐப்பசியில் யானைத்தலை காய்த்தது. பெரிய காய்தான். அறுத்தால் வெறும் சதை, ஒரு விதை இல்லை. இரண்டு பறிப்போடு செடி ஓய்ந்தது. பச்சை வரியோ கோடை முழுக்கக் காய்த்தது. புழு அண்டவில்லை. அதன் முதல் காயைப் பறிக்காமல், அடையாளத்துக்கு வைக்கோல் கட்டிச் செவ்வந்தி விதைக்கு விட்டிருந்தது.

"அம்மா, அந்த மஞ்சள் காய்?" என்றது கடைக்குட்டி.

"அது அடுத்த வருடத்துச் சோறு. வாய் வைத்தால் காதைத் திருகுவேன்!"

பழுத்த காயைப் பிசைந்து, விதையைக் காயவைத்து, சாம்பல் கலந்து குடுக்கையில் மூடியது.

மறு ஆடியில் மயில் மீண்டும் வந்தது. இந்த முறை ஆடவில்லை.

"விதை வேண்டுவோர் என் இருப்பிடத்துக்கு வேலி கட்டுங்கள்! குளத்தில் முதல் தண்ணீரும் எனக்கே!"

பழைய விதையைக் கொட்டியவர்கள் எல்லோரும் தலை குனிந்தார்கள். கையில் ஒரு விதை இல்லையே! அணில் வேலிக்கு முள் பொறுக்கக்கூடக் கிளம்பிவிட்டது.

"நில்லு தம்பி!" செவ்வந்தி குடுக்கைகளோடு வந்தது. "ஆளுக்கு ஒரு பிடி. நம் பழைய வெண்டையும் அவரையும் இருக்கின்றன. பச்சை வரியும் இருக்கிறது. முதல் காயை விதைக்கு விடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். அது போதும்."

"பச்சை வரி என்னுடையது!" என்று மயில் அலறியது.

"எவனும் சீண்டமாட்டான் என்றீர்களே, ஐயா! சீண்டிவிட்டோம்!" என்றது அணில்.

மயில் தோகையை விரித்துப் பார்த்தது. ஒருவரும் திரும்பவில்லை. எல்லோர் கண்ணும் குடுக்கையின் மேல்.

முள்ளம்பன்றி முண்டியடித்து முன்னால் வந்தது. "எனக்கும் கொடு, தங்கச்சி. ஆனால் அரைப் பாத்தியில்தான் போடுவேன்!"

"அரைப் பாத்தி போதும், அண்ணே. தேறினால் மீதியைப் போடு."

அன்று குளக்கரை முழுவதும் மண் கிளறும் சத்தம் கேட்டது.

புதியதைச் சிறிது நட்டுச் சோதித்துப் பார்; கைவிதையை மட்டும் எவன் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே.