கலியமூர்த்தி கட்டி வந்த பூ

மடத்து விநாயகர் முன்னால் இரண்டு இலைப் பொட்டலங்களை வைத்தார் கலியமூர்த்தி.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. குரு உமையாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர். மடத்தில் அது யாரையும் உறுத்தியதில்லை.

"என்னங்கய்யா இது?" என்றார் உமையாம்பிகை.

"பூக்கட்டிப் பாக்கணும்மா. ஒண்ணுல சிவப்பு அரளி, ஒண்ணுல வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தா ஆபரேஷன், வெள்ளை வந்தா புரோட்டான் சிகிச்சை. உங்க கையால ஒண்ணு எடுங்க."

பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லை. ஆரம்ப நிலைதான், இரண்டு வழியுமே சரி, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. இதைத்தான் செய்யணும் என்று அதட்டியிருந்தால் பேசாமல் போய்ப் படுத்திருப்பார்.

வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பது மனைவி தையல்நாயகியின் கட்சி. ஆனாலும் எந்தப் பூ வந்தாலும் சம்மதம் என்று கூடவே வந்து, வாசலில் காத்திருந்தாள்.

"புரோட்டான்னா என்ன?"

கலியமூர்த்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுவும் கதிர்வீச்சுதாம்மா. ஆனா வேண்டிய எடத்தோட நின்னுடுமாம். தாண்டிப் போய்ச் சுடாதாம்."

உமையாம்பிகை ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"அப்பாடா! சாமியே சொல்லிடுச்சு."

குருவின் கை அடுத்த பொட்டலத்துக்குப் போனது. கலியமூர்த்தி சட்டென்று அதைப் பொத்திக்கொண்டார்.

"அது எதுக்கும்மா? அதான் வந்துடுச்சே."

"கையை எடுங்க."

அதற்குள்ளும் வெள்ளைதான் இருந்தது.

கலியமூர்த்தி தலைகுனிந்தார். சாமியை ஏமாற்றியதைவிட, அகப்பட்டுக்கொண்டதுதான் அவரைக் கூசவைத்தது.

"அரளி கிடைக்கலையா?"

"வீட்டுலயே பூத்திருக்கும்மா. கட்ட மனசு வரலை."

"ஏன்?"

கலியமூர்த்தி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆபரேஷன் பண்ணா மூத்திரம் தங்காமப் போகலாம்னு சொன்னாங்க. மத்ததும் போயிடலாமாம். நாப்பது வருஷமா அவளுக்கு நான் ஆம்பளையா இருந்திருக்கேன். என் துணியை அவ அலசிப் போடற மாதிரி ஆயிட்டா... பயமா இருக்கும்மா."

"புரோட்டான்ல அதெல்லாம் வரவே வராதா?"

"வரலாம். கம்மிங்கறாங்க சில பேரு. உறுதியா யாரும் சொல்லலை."

"இந்தப் பயம் தையல்நாயகிக்குத் தெரியுமா?"

"எப்படிம்மா சொல்றது?"

உமையாம்பிகை இரண்டு நந்தியாவட்டையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"புரோட்டானே பண்ணிக்குங்க. வேணாங்கலை. ஆனா முதல்ல இதை அவங்ககிட்டக் குடுங்க."

கலியமூர்த்தி பதறிப்போனார். "ஒரு பூ போதுமேம்மா. ரெண்டும் வெள்ளையா இருந்தா, சிவப்பு எங்கேன்னு கேப்பாளே!"

"கேக்கணும்னுதான் ரெண்டையும் குடுக்கறேன்."