முக்கனி சொன்ன சாட்சி

நல்லாற்றின் தென்கரையை ஆண்ட சேந்தமல்ல ராஜாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அவர் படை, மற்றது அவர் குரல். படையை நினைத்தால் வடகரை அரசனுக்குப் பயம். குரலை நினைத்தால் இரண்டு கரைக்கும் பயம்.

படைச் செய்தி எல்லாம் மறையெழுத்தில்தான் போகும். அதற்குத் திறவுகோல் ஒரு பாட்டு. பாட்டு தெரிந்தவன் ஓலையைப் படிப்பான். தெரியாதவனுக்கு அது கோழி கிளறிய குப்பை. தெரிந்தவர் மூவரே: ராஜா, தளவாய் உடையநம்பி, பாட்டைக் கட்டிய அரசவை விகடகவி அம்பலக்கூத்தன்.

அப்படியிருந்தும், படை எந்தத் துறையில் இறங்கினாலும் வடகரையான் முந்திக்கொண்டு அங்கே வந்து நின்றான்.

"பாட்டைக் கட்டியவன்தான் விற்றிருக்கிறான்," என்றார் தளவாய். "வேறு யார்? நானா? மகாராஜாவா?"

ராஜா மீசையை முறுக்கினார். "கூத்தா, பௌர்ணமிக்குள் திருடனைக் காட்டு. யாராயிருந்தாலும் நாக்கை அறுப்பேன். காட்டாவிட்டால் உன் நாக்குதான்."

ஆள் யாரென்று கூத்தனுக்கு ஓர் ஊகம் உண்டு. அதை வாய்விட்டுச் சொன்னால் நாக்கோடு தலையும் போகும். நேரே ராணி செங்கமலத்திடம் ஓடினான். கேட்டதும் ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பழைய பாட்டு கெட்டுவிட்டது," என்று மூவருக்கும் ஆளுக்கொரு புதுப் பாட்டைக் கொடுத்தாள். "மனப்பாடம் செய்யுங்கள். ஒருவர் பாட்டு மற்றவருக்குத் தெரியக்கூடாது."

பிறகு பாட்டுக்கு ஒன்றாக மூன்று ஓலைகளை அவளே எழுதினாள். ராஜாவுக்கு மாம்பழம் ஆகாது, தின்றால் படுக்கைதான் என்றது ஒன்று. வாழைப்பழம் ஆகாது என்றது இன்னொன்று. பலாப்பழம் என்றது மூன்றாவது. எந்தப் பாட்டில் எந்தப் பழம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். மூன்றும் வேண்டுமென்றே வடகரையார் கையில் சிக்கும்படி படகேறின.

பௌர்ணமியன்று வடகரைத் தூதன் வந்தான். பின்னாலேயே நான்கு வண்டி பலாப்பழம்.

"எங்கள் அரசரின் அன்புப் பரிசு. மகாராஜா இப்போதே சுவைக்க வேண்டுமாம்."

ராஜாவுக்குப் பலா என்றால் உயிர். சுளை சுளையாக உள்ளே போனது. ராணி குனிந்து காதில் ஏதோ சொன்னாள். உடனே ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்று சாய்ந்தார். தூதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு புறப்பட்டான்.

அவன் படியிறங்கியதும் ராஜா நிமிர்ந்தார். "எதற்கு இந்த நாடகம்?"

கூத்தன் மூன்று ஓலைகளின் கதையைச் சொன்னான்.

"அப்படியா! பலா யாருடைய பாட்டு, தேவி?"

"தினமும் ஆற்று மண்டபத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, அக்கரைக்குக் கேட்கும்படி பாடிப்பாடி மனப்பாடம் செய்கிறாரே, அவருடையது."

ராஜாவின் ஒரு கை சுளையோடு அந்தரத்தில் நின்றது. மறு கை தானாக வாயைப் பொத்தியது. தளவாய் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கூத்தா, நாக்கை அறுப்பேன் என்றா சொன்னேன்?"

"சொன்னீர்கள், மகாராஜா. அறுத்தால் நமக்குத்தான் நஷ்டம். நாளைக்கும் அதே பாட்டை இன்னும் உரக்கப் பாடுங்கள். படைச் செய்திக்கு ராணியம்மா வேறு பாட்டு தருவார்கள். அதை உங்களுக்கு மட்டும் சொல்லமாட்டோம்."

"திமிரடா உனக்கு! பிறகு நான் பாடி என்ன பயன்?"

"அடுத்த ஓலையை உங்கள் பாட்டில்தான் எழுதப்போகிறோம்."

"என்னவென்று?"

"'பலாவைத் தின்றும்கூட எங்கள் ராஜா பிழைத்துக்கொண்டார். பொன்னைத் தொட்டால்தான் உயிரே போய்விடும்' என்று!"

ராஜா சிரித்த சிரிப்பு அக்கரை வரை கேட்டது. "முதல் வண்டிப் பொன் உனக்கடா, கூத்தா!"