கடைசிப் பந்தி

மில்லுக்காரர் அருணகிரி மகள் கல்யாணத்தில் அண்டா அண்டாவாகச் சோறு மீந்துவிட்டது. வெளியே தெரிந்தால் கூட்டமே வரவில்லை என்று ஊர் பேசுமே என்று, மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லிவிட்டார்.

மீந்த சாப்பாட்டை வாங்கி ஆஸ்பத்திரி வாசலில் பரிமாறும் குழுவிலிருந்து தையல்காரி தவமணி வந்து கேட்டாள்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துல மிச்சம்கிற பேச்சே கிடையாது. மிச்சமே இல்லாத சோத்தை உன்னால எடுத்துட்டுப் போக முடியும்னா போ" என்றார் அவர்.

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். தவமணி அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"பந்தி முடிஞ்சாத்தானேய்யா மிச்சம். கடைசிப் பந்தி ஆஸ்பத்திரி வாசல்ல இலை போட்டு உக்காந்திருக்கு. பொண்ணைப் பெத்தவர் வந்து கும்பிட்டு விசாரிக்கணுமில்ல?"

சம்பந்திக்கு எதிரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அருணகிரி அண்டாக்களோடு வேனில் ஏறினார்.

அங்கே கும்பிட்டுக்கொண்டே போனவர், பாதி வரிசையில் வாளியைத் தானே வாங்கிக்கொண்டார். கடைசி இலையில் ஒரு பெரியவர் மோருக்கும் கொஞ்சம் சோறு கேட்டார். அண்டாவின் அடியில் கரண்டி தட்டியது.

"மிச்சமே இல்லையேம்மா" என்றார் அருணகிரி, முகம் சுண்டிப்போய்.

"அதைத்தான் நீங்க அப்பவே சொன்னீங்களேய்யா" என்றாள் தவமணி.